அவைக்குறிப்பில் ஏறாதவை

அக்டோபர் 25, சனி

திங்கள்கிழமை பேரவை கூடுகிறது. வெள்ளை வேட்டிகள் சலவைக்குப் போய்த் திரும்பியிருக்கும். மூளையை வழக்கம்போல ஊரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். நான்காண்டுகளாகப் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுச் சந்தைத் தரகர்கள் இவர்களைவிட மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அவையில் பேசுகிற கண்டதையெல்லாம் நீக்கி நீக்கி எனக்குக் கை வலிக்கிறது. இந்த நாட்குறிப்பில் மட்டும் எதையும் நீக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்று தொகுதிக்குப் போனேன். பெரியகரை அரசு மேல்நிலைப் பள்ளியில் பரிசளிப்பு விழா. மாலை, பொன்னாடை, தலைமையாசிரியையின் வரவேற்புரையில் என் பெயருக்கு முன்னால் மூச்சு முட்டும் அளவுக்கு அடைமொழிகள். நடுத்திட்டுப் பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள். அந்த ஊர் ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. போன வருட வெள்ளத்தில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து ஒரு பழைய படகில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். என் மனைவி தையல்நாயகி பிறந்த ஊர் அது. நான் மறந்தாலும் அவள் மறக்க விட மாட்டாள்.

"நடுத்திட்டுக்குப் பாலம் நிச்சயம் வரும்!" என்று மைக்கில் சொன்னேன். கைதட்டல். அது அடங்குவதற்குள், முழங்கால்வரை நனைந்த சீருடையோடு ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"எப்ப சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை கண்ணை உருட்டினார். அந்தப் பெண் உட்காரவில்லை. "சட்டசபையில நீங்க எங்க ஊரப் பத்திக் கேட்டதே இல்லன்னு எங்கப்பா சொல்றாரு. நெசமா சார்?"

பத்தாம் வகுப்பாம், பெயர் தர்ஷிகாவாம். வாய் நீளம். "பேரவைத் தலைவர் கேள்வி கேட்கக் கூடாதும்மா. மத்தவங்களப் பேச வைக்கிறதுதான் தலைவரோட வேலை" என்று விளக்கினேன்.

"அப்ப எங்க ஊருக்கு யாரு சார் கேப்பாங்க?"

"நான் அமைச்சருக்கு ஒரு போன் போட்டாப் போதும், உட்காரு" என்றேன். மறுபடி கைதட்டல். கேள்வி கேட்டு மன்றாடுவது சாதாரண உறுப்பினர்களின் பாடு. எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

முதல் நாள். காலையில் முதல்வரின் செயலாளர் ரகோத்தமன் என் அறைக்கு வந்து, இன்று அவையில் என்னென்ன நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்குக் கலந்தாலோசனை என்று பெயர். அரசுக்கும் பேரவைக்கும் சுமூக உறவு வேண்டும் அல்லவா? அவர் சொல்வார், நான் கேட்பேன். நான்கு வருடமாகச் சுமூகம்.

கேள்வி நேரம். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் பற்றிக் கேட்க எழுந்து, முதல்வரைப் புகழ ஆரம்பித்து, கேள்வியை மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அமைச்சரும் சளைக்கவில்லை. கேட்காத கேள்விக்கு எழுதி வைத்திருந்த பதிலைப் படித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்த மேசைகள் பாவம்.

துணைத் தலைவர் அமிர்தகடேசன் மதியம் ஒரு மணி நேரம் என் நாற்காலியில் உட்கார்ந்தார். மணியடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதையும் ரசித்து அடிக்கிறார், கோயில் உற்சவத்தில் மணி கிடைத்த மாதிரி. நான் திரும்பி வந்தபோது, "அண்ணே, நாற்காலி நல்லா குளுகுளுன்னு இருக்குண்ணே" என்றார். இவருக்கு அரசியல் சட்டம் ஒரு பதவி கொடுத்திருக்கிறது!

அக்டோபர் 28, செவ்வாய்

எதிர்க்கட்சியின் வெளிநடப்பு. இதை நான் ஒரு கலை என்றே சொல்வேன். காலை பத்தரைக்குள் வெளிநடப்புச் செய்தால்தான் மதியச் செய்தியில் வரும். போர்ட்டிகோவில் டி.வி.க்காரர்கள் மைக்கை நட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் "அனுமதி இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, கோஷம் போட்டு, வெளியே போய்ப் பேட்டி கொடுத்து, காபி குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்ததுமே செருப்பை மாட்டுகிறார்கள்.

இவர்களைக் கூட்டிக்கொண்டு போவது ஞானசௌந்தரி. எதிர்க்கட்சிக் கொறடா. முன்னாள் பள்ளி ஆசிரியை. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலை இந்த நான்கு வருடத்தில் எத்தனை முறை அவைக்குறிப்பிலிருந்து நீக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் ஆண்டில் நான் கொடுத்த ஒரு தீர்ப்புதான் இவர்களுக்கு மருந்து. கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுத்த உறுப்பினர், பெயரை அழைக்கும்போது இருக்கையில் இல்லாவிட்டால், தீர்மானம் அந்தக் கணமே காலாவதி. மறுபடி அதே பொருளை அந்தக் கூட்டத்தொடரில் எடுக்க முடியாது. வெளிநடப்பு செய்கிறவர்களுக்குப் பொருத்தமான தண்டனை. முதல்வரே போன் செய்து பாராட்டினார். வேறு மாநிலப் பேரவைகளில்கூட இதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கேள்வி.

அக்டோபர் 30, வியாழன்

பொதுப்பணி அமைச்சர் தணிகாசலத்தை லாபியில் பிடித்தேன். நான் போட்ட போனை அவர் எடுக்கவில்லை, திருப்பிக் கூப்பிடவும் இல்லை. வேலைப்பளு இருக்கும்.

"நடுத்திட்டுப் பாலம்..." என்று ஆரம்பித்தேன்.

"பண்ணிடலாம் தலைவரே."

"அதுவரைக்கும் ஒரு மோட்டார் படகாவது..."

"பண்ணிடலாம் தலைவரே" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஆள் பிடிக்கிற பிடியில் நமக்கே பாலம் கட்டி முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. போன வருடமும் இதே இடத்தில், இதே கைகுலுக்கல்தான் என்று இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

வீட்டில் தையல், "எப்பன்னு கேட்டீங்களா?" என்றாள்.

அமைச்சர்களிடம் அப்படியெல்லாம் நாள் கேட்கக் கூடாது, அது பண்பல்ல என்றேன். ஊறுகாய் ஜாடியை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

நவம்பர் 3, திங்கள்

இரண்டு நாளாக மழை. அவைக்குள் கால்வாசிப் பேர்தான். சாப்பாட்டுக்கு முன் ஆறு மசோதாக்களை நிறைவேற்றினேன். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பேன். தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே "ஆம்" என்பார்கள். எந்த மசோதா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அமைச்சருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஏதோ ஒரு சட்டத்தால் நாளை ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் உள்ளே போகப் போகிறார். அதற்கு இந்தத் தலையாட்டிகள் "ஆம்" சொல்லிவிட்டு பிரியாணிக்குப் போனார்கள்.

மேலணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். தையல் இரண்டு முறை சொல்லிவிட்டாள்: "அந்தப் படகு ஓட்டையாக் கெடக்குதுங்க. பசங்கள ஏத்த வேணாம்னு யாருக்காவது சொல்லுங்க."

அமைச்சர் மோட்டார் படகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் நடுத்திட்டுப் படகு கவிழ்ந்தது. நடு ஆற்றில். ஏறக்குறைய எல்லோரையும் கரையில் இருந்தவர்கள் நீந்திப் போய்க் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும்.

தர்ஷிகா என்று பெயர் சொன்னார்கள். எந்தப் பெண் என்று நினைவு வரவில்லை என்று தையலிடம் சொன்னேன்.

பேரவை மதியம் வழக்கம்போல நடந்தது. கைத்தறித் துறை மானியக் கோரிக்கை. துறை சார்பில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு பை. உள்ளே ஒரு போர்வையும் ஒரு துண்டும். பை நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு உறுப்பினர் என்னிடம் புகார் கொடுத்தார். மனிதர்கள்!

நவம்பர் 5, புதன்

எட்டு மணிக்கே ரகோத்தமன் வந்துவிட்டார். இன்று உட்காரக்கூட இல்லை.

"சார், படகு விஷயமா எதிர்க்கட்சி கவன ஈர்ப்பு கொடுத்திருக்காங்க. இன்னிக்கு வேணாம்னு முதல்வர் நினைக்கிறார். சாவு வீட்ல அரசியல் பண்ணக் கூடாதுல்ல?"

"என் தொகுதி" என்றேன்.

"அதனாலதான் சார். உங்க தொகுதியிலயே இப்படின்னு வெளிய வந்தா உங்களுக்குத்தானே அசிங்கம்?" என்று என் மேல் அக்கறைப்பட்டார்.

அவையில் ஞானசௌந்தரி எழுந்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உங்கள் தொகுதியில், உங்கள் ஊர்ப் பிள்ளை..." அதற்கு மேல் அவர் பேசியதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினேன். தீர்மானம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன். அவர்கள் கோஷம் போட்டபடி வெளியே போனார்கள். நேரம் பத்து இருபது. மதியச் செய்திக்கு வசதி.

தணிகாசலம் தன் இருக்கையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குத் தலையை ஆட்டினேன். என்னைப் பார்த்துத்தான் இவர்கள் தலையாட்டக் கற்றுக்கொண்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. மழைக்காலத்தில் இப்படிக் கோணல் எண்ணங்கள் வரும்.

நவம்பர் 6, வியாழன்

தையல் நடுத்திட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. நேற்று டி.வி. பார்த்துவிட்டு எழுந்தவள் பெட்டி கட்டினாள். கார் வேண்டாம் என்று பேருந்தில் போனாள். "காரியம் முடியறவரைக்கும் இருந்துட்டு வரேன்" என்றாள். யாருடைய காரியம் என்று கேட்கத் துணிவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாப்பாடு கேன்டீனிலிருந்து வந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. நாட்டையே ஆள்கிறோம், உப்பு போட ஆள் இல்லை.

நவம்பர் 8, சனி

பெரியகரை போனேன். போலீஸ் படகில் என்னை நடுத்திட்டுக்கு ஏற்றிப் போனார்கள். நல்ல மோட்டார் படகு. ஐந்து நிமிடத்தில் அக்கரை. ஒரு அதிகாரி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு, "இந்தப் படகு எப்பவுமே ஸ்டேஷன்லதான் சார் நிக்குது, வி.ஐ.பி. வந்தா எடுப்போம்" என்றான். பெருமையாகச் சொன்னான்.

கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்துதான் போனேன். கருப்புக்கொடியாவது இருக்கும் என்று நினைத்தேன். அந்த மனிதர்களுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. அந்தப் பெண்ணின் அப்பா செல்வராசு, வயலில் கூலிக்குப் போகிறவர், வாசலுக்கு வந்து நாற்காலி போட்டார். எனக்கு!

"வாங்கய்யா. எம்பொண்ணு உங்களப் பத்தி வந்து சொல்லுச்சுங்க" என்றார்.

என்ன சொன்னாள் என்று கேட்காமலிருந்திருக்கலாம். கேட்டேன்.

"நான்தான் உங்களத் திட்டிக்கிட்டே இருப்பேன். அதுக்கு அது என்னய ஏசுச்சு. 'தலைவரு கேள்வி கேக்கக் கூடாதாம்ப்பா, சட்டமே அப்படியாம். அதான் அவரு கேக்கல. நல்லவருதாம்ப்பா, போன் போட்டாப் போதும்னாரு'ன்னு சொல்லுச்சுய்யா." சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாலம் கொஞ்ச நாளுல வந்துரும்னு நம்பிக்கிட்டு இருந்துச்சு."

அந்த ஆள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் இதுவரை நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறேன். அரசியலுக்கு வருமுன் பார்த்த வக்கீல் தொழிலில் அது சகஜம். ஆனால் என் பெயரைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தை தன் அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

தையல் அந்த வீட்டு அடுப்படியில் இருந்தாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் படகில் ஏறும்போது கரைவரை வந்தாள்.

"அந்தத் தீர்மானம் இன்னும் உயிரோடதான இருக்கு?" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்ததில் சட்டம் கற்றுக்கொண்டுவிட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். ஆம், உயிரோடுதான் இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளை எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் ரகோத்தமன் வந்தார். கலந்தாலோசனை. "படகு தீர்மானத்தை இன்னிக்கு முடிச்சு விட்டுடுங்க சார்" என்றார். தலையாட்டினேன். பழக்கம். ஆனால் முடிவு எடுத்திருந்தேன். அனுமதித்தே தீருவது. தணிகாசலம் எழுந்து நிற்க வேண்டும், ஞானசௌந்தரி அந்தக் குரலில் கேட்க வேண்டும், அவன் அவைக்குறிப்பில் ஏறும்படி ஒரு தேதி சொல்ல வேண்டும். பிறகு என்னைத் தூக்கினாலும் தூக்கட்டும்.

பத்து மணி பதினைந்து நிமிடம். எழுந்து நின்றேன். "நடுத்திட்டுப் படகு விபத்து தொடர்பாக மாண்புமிகு உறுப்பினர் ஞானசௌந்தரி அவர்கள் அளித்த கவன ஈர்ப்புத் தீர்மானத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"தீர்மானத்தை" என்றதுமே எதிர்வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. கோஷம். காகிதங்கள் பறந்தன. "ஒழிக, ஒழிக!" ஆளுங்கட்சிக்காரர்கள் பதிலுக்கு மேசையைத் தட்டினார்கள். நான் "அனுமதிக்கிறேன்" என்றேன். ஒருவர் காதிலும் விழவில்லை. மைக்கை அருகே இழுத்து, "அனுமதிக்கிறேன், உட்காருங்கள்" என்று கத்தினேன். மணியடித்தேன். என் மணிச் சத்தத்தைக் கேட்டால் இவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தானே தெரியும்? இன்னும் வேகமாகப் போனார்கள். "அம்மா! ஞானசௌந்தரி அம்மா! அனுமதிச்சிட்டேம்மா!" என்று நாற்காலியை விட்டு இறங்காத குறையாகக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு ஆடி ஆடி நின்றது. போர்ட்டிகோவில் மைக்குகள் காத்திருந்தன.

கேட்டதைக் கொடுக்கும் நாளில் வாங்குவதற்கு ஆளில்லை. இந்த மாதிரி ஒரு எதிர்க்கட்சி எந்தக் காட்டில் முளைக்கும்? அனுமதி கிடைத்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் யோசனை இருந்ததில்லை, அதற்கு அவசியமே வந்ததில்லை.

அவை அமைதியானதும் தணிகாசலம் எழுந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேரவைத் தலைவர் அவர்களின் புகழ்பெற்ற தீர்ப்பின்படி, அழைக்கும்போது உறுப்பினர் இருக்கையில் இல்லை. தீர்மானம் காலாவதி ஆகிவிட்டது" என்றார். மேசைகள் அதிர்ந்தன.

என் தீர்ப்பு. என் வார்த்தை. நான் "காலாவதி" என்று அறிவித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

காபி குடித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது கால்நடைத் துறை ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் ரகோத்தமன் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"பிரமாதம் சார்! அவங்க எந்திரிக்கிற நேரம் பார்த்து அனுமதி கொடுத்தீங்க பாருங்க, முதல்வர் சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. 'வைரக்கண்ணு மாதிரி ஒருத்தர் நமக்குக் கிடைக்க மாட்டார்'னு சொன்னார்."

நான் நிஜமாகவே அனுமதித்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அரசு எனக்குக் கண்ணடிக்கிறது! நான் உண்மையைச் சொன்னாலும் தந்திரம் என்றே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறேன். பெட்டியில் மைசூர்பாகு. அதை அப்படியே வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஞானசௌந்தரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"நாங்க எந்திரிச்சதுக்கு அப்புறம் அனுமதி கொடுத்தீங்களாமே? செத்துப்போன பிள்ள விஷயத்துலயுமா சார் வெளையாடுவீங்க?"

"முன்னாடியே சொன்னேம்மா. கூப்பிட்டேன். நீங்க திரும்பிப் பார்க்கல."

முதலில் நம்பவில்லை. என் முகத்தில் எதையோ பார்த்து நம்பியிருக்க வேண்டும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"நாலு வருஷமா நீங்க வாயத் தொறந்தா 'இல்ல'தான் சார். நேத்து வேற எதுவும் சொல்வீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நான்தான் மொதல்ல எந்திரிச்சேன்." கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நின்னு கேட்டிருக்கணும். டி.வி.க்கு நேரமாச்சேன்னு இருந்துச்சு."

இந்தப் பெண்மணியை நான்கு வருடமாக வெறுத்தேன். நேற்று இன்னும் அதிகமாக வெறுத்தேன். இன்று ஏனோ அது கூடி வரவில்லை. இருவரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். நான் ஆடியது உயரமான மேடை, அவ்வளவுதான்.

"இந்தக் கூட்டத்தொடர்ல இனிமே அந்தத் தீர்மானம் வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராது. கேள்வி நேரத்துல ஒரு உறுப்பினர் துணைக்கேள்வியா எழுப்பலாம். வெள்ளிக்கிழமை பொதுப்பணித் துறை வருது. நான் அனுமதிச்சாலும், நீங்க எழுந்தா மேசையத் தட்டியே அமுக்கிடுவாங்க. அந்தத் தொகுதி உறுப்பினரே எழுந்தா மட்டும் யோசிப்பாங்க."

"அந்தத் தொகுதி உறுப்பினர் நீங்கதான சார்."

"ஆமா" என்றேன்.

நவம்பர் 12, புதன்

பேரவைத் தலைவர் பதவி விலக வேண்டுமென்றால் கடிதத்தைத் துணைத் தலைவரிடம்தான் கொடுக்க வேண்டுமாம். அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். ஆளுநரிடம் கொடுக்கலாம் என்றிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அமிர்தகடேசனிடம் கொடுத்தேன்.

படித்தார். உதடு அசைய இன்னொரு முறை படித்தார். "அண்ணே, உடம்புக்கு எதுவுமாண்ணே?" என்றார். கண் மட்டும் என் நாற்காலிப் பக்கம் போய்விட்டு வந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். மணி இனிமே உங்களுது."

ரகோத்தமன் மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. வேலைப்பளு. மாலையில் கட்சியிலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தான். ஒரு உறுப்பினராக இருந்து பார்க்க ஆசை என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்குப் புரியவில்லை. கட்சியில் யாருக்கும் புரியாது.

நவம்பர் 14, வெள்ளி

கடைசி வரிசை. ஏ.சி. காற்று வருவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலை போட்டிருந்தார். மேலே நாற்காலியில் அமிர்தகடேசன். இங்கிருந்து பார்த்தால் அந்த நாற்காலி ரொம்ப உயரம். அதில் உட்கார்ந்திருப்பவன் கீழே இருக்கிறவர்களை எப்படிப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

பொதுப்பணித் துறைக் கேள்வி. ஏதோ ஒரு ஊர் வாய்க்கால் பற்றி அமைச்சர் படித்து முடித்தார். நான் கையைத் தூக்கினேன். அமிர்தகடேசன் மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார், அதிகாரிகள் மாடத்தில் ரகோத்தமன் இருக்கும் பக்கம் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்தேன்.

"நடுத்திட்டில் இந்த மாதம் நான்காம் தேதி படகு கவிழ்ந்து தர்ஷிகா என்ற..."

மைக் அணைந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு அணைவதை முதல் முறையாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மணி அடித்தது. "உறுப்பினர் பேசுவது எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது" என்றார் அமிர்தகடேசன். ஒப்பிக்க நன்றாகத்தான் கற்றிருக்கிறார். நான்தான் வாத்தியார். என் கட்சிக்காரர்களே என்னைப் பார்த்து "உக்காருங்க, உக்காருங்க" என்றார்கள். மேசைகள் இடி மாதிரி. நான் கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன அருவருப்பான ஓசை அது! நான்கு வருடம் எனக்கு அது கைதட்டலாகக் கேட்டது.

எதிர்வரிசையில் ஒருவர் இருவர் எழத் தொடங்கினார்கள். எழுந்து காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். மணி பத்தேகால். போர்ட்டிகோவில் மைக் தயார்.

"உக்காருங்க!"

ஞானசௌந்தரியின் குரல். அந்த மேசை இடியைக் கிழித்துக்கொண்டு வந்தது. தன் ஆட்களைப் பார்த்துத்தான் கத்தினார். "ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. உக்காந்து கேளுங்க. அவரு பேசட்டும்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சி கோஷம் போடவில்லை, போகவும் இல்லை. தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பழக்கமில்லை. யாரை எதிர்த்துத் தட்டுவது என்று தெரியாமல் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். அமிர்தகடேசன் மணியில் கை வைத்தபடி அடுத்து என்ன செய்வதென்று ரகோத்தமனைத் தேடினார்.

மைக் இல்லாமல் பேசினேன். பாலம் போனதையும், படகையும், போலீஸ் நிலையத்தில் வி.ஐ.பி.க்காக நிற்கிற மோட்டார் படகையும் சொன்னேன். நானே இந்தத் தீர்மானத்தைத் தடுத்தேன் என்பதையும் சொன்னேன். கடைசியாக, "நடுத்திட்டுக்குப் பாலம் கட்டப்படுமா?" என்று கேட்டேன்.

தணிகாசலம் எழுந்தார். அவருக்குக் கூடப் பழக்கம் விடவில்லை. "பண்ணிடலாம் தலைவரே" என்றார். பேரவையில் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே உட்காரப் போனார்.

"எப்போ?" என்றேன்.

பாதி உட்கார்ந்தவர் நிமிர்ந்தார். முன்வரிசையில் முதல்வரின் முதுகைப் பார்த்தார். முதல்வர் மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தார் அமிர்தகடேசன். நான் உட்காரவில்லை. அமைச்சராலும் உட்கார முடியவில்லை.

வெளியே வந்ததும் தையல் போன் செய்தாள். போன வாரத்திலிருந்து அவள் பேசுகிற முதல் போன். பின்னணியில் ஆற்றங்கரைக் காற்று கேட்டது.

"எப்பன்னு சொன்னாரா?"

"இன்னும் சொல்லல. திங்கட்கிழமை மறுபடி கேக்கறேன்" என்றேன்.

"செல்வராசு பக்கத்துலதான் நிக்கிறாரு. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போனைக் கொடுத்தாள்.